தாராவிப் பாட்டும் நெய்வேலி மண்ணும்

நெய்வேலியில் ஆண்டுதோறும் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் பேசுவதற்கு ஒரு முறை என்னை அழைத்திருந்தார்கள். போனேன், பேசினேன். பேச்சுவாக்கில், "இந்தக் காலத்துச் சினிமாப் பாட்டில் தாளம் இருக்கிறது, மண் இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னேன். நல்ல கைதட்டல். கைதட்டல் வாங்கிய வாக்கியத்தை எழுத்தாளன் வீட்டுக்குப் போனதும் ஒரு தரம் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அந்த வேலை வழியிலேயே வந்து சேர்ந்தது.

மந்தாரக்குப்பத்தில் இருந்த நண்பர் வீட்டுக்கு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஓட்டிய பையனுக்கு இருபத்தைந்து வயதிருக்கலாம். வண்டிக்குள் ஒரு பாட்டு அதிர்ந்தது. பாட்டு என்று சொல்லலாமா என்பதே எனக்குச் சந்தேகம். இழைவு இல்லை, குழைவு இல்லை. சிலர் தமிழிலும் இந்தியிலும் மாறி மாறிச் சண்டைக்கு நிற்பதுபோல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கொறைக்கட்டுங்களா, ஐயா?" என்றான்.

"என்ன பாட்டு தம்பி இது?"

"'காலா' படத்துப் பாட்டுங்க. நீங்க பேசுனத வெளிய நின்னு கேட்டேன். மண்ணு இல்லேன்னீங்க. இந்தப் படத்துல முச்சூடும் மண்ணப் பத்தித்தாங்க பாடுறாங்க." பிறகு, சுரங்கம் இருக்கும் திசையில் கையைக் காட்டி, "எங்க தாத்தா ஊரு அதுக்குள்ளதான் இருந்துச்சு" என்றான்.

மேலே நான் வாய் திறக்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் படத்தைப் பார்த்தேன். பாட்டுக்களைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவற்றின் பூர்வோத்திரத்தை விசாரித்தேன்.

பா. ரஞ்சித் இயக்கி, ரஜினிகாந்த் நடித்த 'காலா' 2018 ஜூன் 7-ல் வெளிவந்தது. பம்பாய்த் தாராவியில் வாழும் ஒரு திருநெல்வேலிக்காரரின் கதை. போலீஸ் கணக்கில் அவர் ஒரு தாதா. சேரி ஜனங்களுக்கு அவர்தான் காவல். குடிசைகளை அகற்றி நகரத்தைச் சுத்தமாக்கப் போவதாகச் சொல்லி நிலத்தைப் பறிக்க வருகிறான் ஓர் அரசியல்வாதி. மற்றதெல்லாம் அந்த நிலத்துக்கான சண்டை. சந்தோஷ் நாராயணன் இசையமைத்த ஒன்பது பாட்டுக்களில் பலவற்றை ஹிப்-ஹாப் பாணியிலேயே அமைத்தார்.  தாராவியிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர்களின் 'டோப்அடெலிக்ஸ்' குழுவை அழைத்துப் பாட வைத்தார். 1800-களின் பிற்பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தாராவிக்குப் போய்க் குடியேறியவர்களில் திருநெல்வேலிச் சீமைத் தமிழர்கள் ஏராளம். 2004 முதல் அந்த இடத்தை இடித்துக் கட்டும் திட்டம் பேசப்பட்டு வருகிறது. ஆகவே பாடியவர்களுக்கு அது வெறும் சினிமாக் கதை அல்ல.

இந்தப் பாட்டு எந்த ஊரில் பிறந்தது என்று தேடினால், நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதிக்குப் போய்ச் சேருவோம். 1950-களில் அங்கே பெருஞ்சாலை ஒன்று போடுவதற்காகக் குடியிருப்புகளை இடித்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேறின. எஞ்சிய பகுதி சீரழிந்தது. அங்கே, ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்ற இளைஞன், 1973 ஆகஸ்டு 11-ல் தன் தங்கை ஏற்பாடு செய்த விருந்தில் இசைத்தட்டுக்களைச் சுழலவிட்டான். ஒரே பாட்டின் இரண்டு தட்டுக்களை இரண்டு பெட்டிகளில் வைத்து, தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை மாற்றி மாற்றி நீட்டுவது அவன் கண்ட உபாயம். நீட்டிய தாளத்தின் மேல் ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள். வாத்தியம் வாங்கப் பணமில்லாதவர்களுக்குப் பேச்சே வாத்தியமாயிற்று.

குற்றக் கதைகளுக்கு இந்தச் சங்கீதம் பொருந்தியதும் தற்செயலல்ல. 1988-ல் வந்த 'கலர்ஸ்' என்ற அமெரிக்கப் படம், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ரௌடிக் கூட்டங்களைப் போலீஸ்காரர்களின் கண் வழியே காட்டியது. ஆனால் அதில் ஐஸ்-டி பாடிய தலைப்புப் பாட்டோ கூட்டத்தைச் சேர்ந்தவனே பேசுவதாக அமைந்தது. படம் குற்றப்பத்திரிகை வாசிக்கிறது. பாட்டு குற்றவாளியின் வாக்குமூலத்தைக் கேட்கிறது. இது ஒரு பெரிய வித்தியாசம்.

தமிழுக்கு இது வந்த வழியும் குடிபெயர்ந்தவர்களின் வழிதான். மலேசியத் தமிழர்களான யோகி பி-யும் நட்சத்திராவும் 2006-ல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு நம் இளைஞர்களைப் பிடித்தது. மறு ஆண்டே வெற்றிமாறனின் 'பொல்லாதவன்' படத்தில் யோகி பி-யின் குரல் கேட்டது; 'காலா'விலும் அது உண்டு. ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்து, தோட்டங்கள் கைமாறித் துண்டாடப்பட்டபோது நகரத்து ஓரங்களுக்குத் தள்ளப்பட்ட ஜனங்களின் ஊரிலிருந்து வந்த குரல் அது.

இனி நெய்வேலிக்கு வருவோம். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி தென்பட்டது. 1956-ல் நிறுவனம் ஏற்பட்டது; 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார்; 1962-ல் மின்சாரம் பிறந்தது. அதற்காகப் பல கிராமங்கள் காலி செய்யப்பட்டன. அந்த மின்சாரத்தில் நாமெல்லாம் படித்தோம், எழுதினோம். என் நண்பர் சுரங்கத்தில் உழைத்துத்தான் மூன்று பெண்களைக் கரையேற்றினார். அதை மறப்பது நன்றி கெட்டதனம். ஆனால் நிலம் கொடுத்த எல்லோருக்கும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. அந்தக் கோரிக்கை இன்னும் ஓயவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில், கால்வாய் வெட்டுவதற்காகப் பயிர் நின்ற வயலிலேயே இயந்திரம் இறங்கியது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று.

கோடிக் கணக்கில் பணம் புரளும் ஒரு படத்தின் பாட்டு யாருக்காவது ஒரு சென்ட் நிலத்தை மீட்டுத் தருமா என்று கேட்கலாம். தராது. ஆயினும் பிராங்ஸிலும் மலேசியாவிலும் தாராவியிலும் வீட்டையும் நிலத்தையும் இழந்தவர்களின் பிள்ளைகள் ஒரே தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அதை நெய்வேலிப் பையன் ஒருவன், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, தன்னுடையது என்று அடையாளம் கண்டுகொண்டான். அவனுக்குத் தெரிந்தது, அவன் ஊருக்கே மேடையேறப் போன எனக்குத் தெரியவில்லை.

ஆகவே அன்று சொன்ன வாக்கியத்தை வாபஸ் வாங்குகிறேன். கைதட்டியவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.