உரலும் ஆலையும்

வரலாறு என்றால் அரசர் பெயர்களும் போர்க்களங்களும் மட்டுமே என்று மாணவர் பலர் கருதுவதுண்டு. அடுக்களைக்கும் வரலாறு உண்டு. வீட்டாருக்கு ஓய்வு குறையுந்தோறும் வீட்டு வேலைகளுள் ஒன்று கடைத்தெருவுக்குச் செல்கிறது. வணிகர் அதனை ஏற்றுத் தம் தொழிலாக்கிக்கொள்கின்றனர். இது எவ்வாறு நிகழ்கிறது, இதனால் வரும் ஊதியம் யாது, இழப்பு யாது என்பவற்றைத் தஞ்சைத் தரணியின் அரிசியைக் கொண்டே ஆராய்வோம்.

காவிரிப் பாசன ஊர்களில் முன்னாளில் குடும்பங்கள் நெல்லைத்தான் சேமித்தன, அரிசியை அன்று. பத்தாயத்திலும் குதிரிலும் கிடந்த நெல்லை மரக்காலால் அளந்தெடுத்து, ஊறவைத்து, அவித்து, முற்றத்தில் உலர்த்தி, உரலிலிட்டு உலக்கையால் குற்றி, முறத்தால் புடைத்த பின்னரே அரிசி கிடைக்கும். உலர்த்தும்போது வானம் இருண்டால் வீட்டிலுள்ளோர் அனைவரும் நெல்லை வாரிக்கொண்டு ஓடவேண்டும். வசதியுள்ள இல்லங்களில் ஏழைப் பெண்கள் கூலிக்குக் குற்றினர். அவர்களுக்கு அரிசியும் நொய்யும் தவிடும் கூலியாகக் கிடைத்தன. எனவே, உரல் ஒருத்திக்குச் சுமை, மற்றொருத்திக்குப் பிழைப்பு.

இந்நிலை மாறியதற்குக் காரணங்கள் பல. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு இருப்புப் பாதை வந்தது. நகரங்கள் வளர்ந்தன. எழுத்தர், ஆசிரியர், கடைச் சிப்பந்திகள் முதலியோர் ஒண்டுக்குடித்தனங்களில் வாழத் தலைப்பட்டனர். அங்கே நெல் காய வைக்க முற்றம் ஏது? பத்தாயம் வைக்க இடம் ஏது? அதே காலத்தில் பிரேசில் நாட்டில் காப்பிக் கொட்டையின் தோலை நீக்குவதற்கு எங்கல்பர்க் என்பார் ஓர் இயந்திரம் அமைத்தார். அது நெல்லுக்கும் பயன்படவே, ‘ஹல்லர்’ என்ற பெயரோடு நம் நாட்டிலும் பரவிற்று. தொடக்கத்தில் எண்ணெய் எஞ்சினும், 1937-இல் தொடங்கிய மேட்டூர் நீர்மின் உற்பத்திக்குப் பின்னர்ப் படிப்படியாக மின்சாரமும் அதனை இயக்கின.

ஆலைக்காரர் குடும்பத்தின் வேலைகளை ஒரே நாளில் எடுத்துக்கொண்டார் அல்லர். முதலில் அவர் கூலிக்கு அரைத்தார். அவித்து உலர்த்திய நெல்லை மக்கள் கொண்டுவருவர். அரிசியும் மாட்டுக்குரிய தவிடும் வீடு திரும்பும். அடுத்து, ஊறவைப்பதையும் அவிப்பதையும் அவரே ஏற்றுப் பெருங்களங்கள் அமைத்தார். பின்னர், நெல்லைத் தாமே வாங்கி அரிசியை மூட்டையாக விற்றார். இன்றோ கல் பொறுக்குவதையும் கறுத்த மணியை நீக்குவதையும் இயந்திரங்களே செய்கின்றன; சிறு குடும்பத்துக்கு ஏற்றவாறு சிறு பைகளிலும் அரிசி வருகிறது. அரைத்த இட்லி மாவும் கடையில் கிடைக்கிறது. குடும்பத்தின் தேவை ஒவ்வொரு படி நகர, வணிகமும் ஒவ்வொரு படி நகர்ந்தது.

இழப்பு யாதெனில், முதலாவது சத்து. ஜாவாத் தீவில் 1890-ஆம் ஆண்டுகளில் எய்க்மன் என்னும் மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டும் உண்ட கோழிகள் நரம்பு நோயுற்றதையும், தீட்டாத அரிசியால் அவை தேறியதையும் கண்டார். இவ்வாராய்ச்சிக்காக 1929-இல் அவருக்கு நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டுப் பகுதியிலுள்ள சத்தில் ஒரு பங்கு மணியின் உள்ளே புகுகிறது. ஆகவே, நம் புழுங்கலரிசி ஆலையில் தீட்டப்பட்டும் பச்சரிசியினும் மிகுதியான சத்தைக் காத்துக்கொள்கிறது. பழைய இல்லறப் பழக்கம் ஒன்று புதிய இயந்திரத்தின் குறையை ஓரளவு ஈடுசெய்தது.

இரண்டாவது, பிழைப்பு. 1934-இல் காந்தியடிகள் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நிறுவியபோது, கைக்குத்தல் அரிசியும் அதன் பணிகளுள் ஒன்றாயிற்று. அச்சங்கத்தை முன்னின்று நடத்திய ஜே. சி. குமரப்பா 1892-இல் தஞ்சையிலே பிறந்தவர். ஆலை வந்தால் குற்றும் பெண் எங்கே போவாள் என்று அவ்வியக்கத்தார் வினவினர். 1958-இல் இயற்றப்பட்ட அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம், புதிய ஆலைக்கு உரிமம் வேண்டும் என்று விதித்ததோடு, அதனால் அவ்வட்டாரத்தில் வேலையின்மை மிகுமா என்பதையும் நோக்கச் சொன்னது. ஆயினும் உரல் திரும்பவில்லை.

மூன்றாவது இழப்பைத் தஞ்சை மாவட்டமே திருத்த முயன்றது. ஹல்லரில் உமியும் தவிடும் கலந்து வீணாயின. மணியும் மிகுதியாக நொறுங்கிற்று. ரப்பர் உருளைகளைக் கொண்ட நவீன ஆலைகள் உமியை முதலில் நீக்கித் தவிட்டைத் தனியே பிரித்தன. அத்தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்க முடிந்தது. திருவாரூர் நவீன அரிசி ஆலையில் 1967-இல் தொடங்கிய ஆய்வகமே வளர்ந்து, இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமாக விளங்குகிறது.

மாணவச் செல்வர்களே! உலக்கையைக் கீழே வைத்த கைகள் பல, புத்தகத்தை எடுத்தன. அந்நன்மையை எவரும் குறைத்துக் கூறலாகாது. ஆனால், உலக்கையோடு கூலியையும் இழந்த பெண்களிடம் ஆலை வைக்கும்போது எவரும் கருத்துக் கேட்டிலர். அவர்கள் பெயர்களை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை. உங்கள் ஊரில் நெல் குற்றிய மூதாட்டியர் எவரேனும் இன்றும் இருப்பின், அவரிடம் சென்று கேட்டு எழுதி வையுங்கள். புதிய வசதி ஒன்று வாயிலில் வந்து நிற்கும்போது, அது யாருடைய சுமையை இறக்குகிறது, யாருடைய பிழைப்பை எடுக்கிறது என்னும் இரு கேள்விகளையும் சேர்த்தே கேட்கப் பழகுங்கள்.