நான்காவதாக வந்த கறுப்பு

சியான், மெஜந்தா, மஞ்சள் மூன்றும் சேர்ந்தால் கறுப்பு வந்துவிட வேண்டும். ஏட்டில் அப்படித்தான். மிஷினில் ஓட்டினால் சேற்றுப் பழுப்புதான் வரும். எந்த மையும் அவ்வளவு சுத்தமில்லை.

பிராங்க்பர்ட்டில் 1667இல் பிறந்த ஜேக்கப் கிறிஸ்டோப் லெ பிளோன், நீலம், மஞ்சள், சிவப்பு என மூன்றே தகடுகளில் வண்ண ஓவியங்களை அச்சிட்டார். 1719இல் இங்கிலாந்தில் காப்புரிமையும் வாங்கினார். லண்டனில் தொழில் நொடித்தது, பாரிஸ் போனார். அங்கே கறுப்புத் தகடு ஒன்றும் கூடவே சேர்ந்தது. 1741இல் அவர் கண்ணை மூடியதும், நான்காவது தகடு தன் கண்டுபிடிப்பு என்று அவரிடம் உதவியாளராக இருந்த கோத்தியே தகோத்தி உரிமை கொண்டாடினார். பங்காளிச் சண்டைக்குக் கறுப்பு மையும் தப்பவில்லை!

வெகுகாலம் கறுப்புக்கு இருந்த வேலை, நிழலுக்கு ஆழம் கூட்டுவது மட்டும்தான். மூன்று வண்ணமும் முழுசாக விழுந்த இடத்தின் மேலேயே அதுவும் விழும். ஒவ்வொன்றும் 100 சதவீதம் என்றால் மொத்தம் 400. எந்தத் தாள் தாங்கும்? வேகமாக ஓடும் மிஷினில் ஒரு மை காயுமுன் அடுத்தது வந்து உட்காரும். சரியாகப் பிடிக்காது, அடுத்த தாளின் முதுகிலும் ஒட்டும். அதனால் அடர்ந்த நிழல்களில் மட்டும் வண்ண மைகளைக் குறைத்தார்கள்.

நிழலோடு ஏன் நிற்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. 1980களில் இந்த வாதத்தை உரக்க வைத்தவர்களில் ஜெர்மனியின் ஹரால்ட் குப்பர்ஸ் முக்கியமானவர். ஒரு பழுப்பில் சியான் 50, மெஜந்தா 70, மஞ்சள் 80 என்று வையுங்கள். மூன்றிலும் பொதுவான 50 வெறும் சாம்பல். அதை எடுத்துவிட்டுக் கறுப்பு 50 போட்டால், மெஜந்தா 20, மஞ்சள் 30 போதும். 200 இருந்த மை 100 ஆகிவிடும். (நடைமுறைக் கணக்கு இவ்வளவு நேரானதல்ல; மூன்றும் சம அளவில் கலந்தால் சுத்தச் சாம்பல் வராது.)

விலை கூடிய வண்ண மை மிச்சம், தாள் சீக்கிரம் காயும். அதைவிடப் பெரிய லாபம், ஓட்டத்தில் மை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் சாம்பல் நிறம் பச்சைக்கோ சிவப்புக்கோ சாயாது என்பது. ஆனால் மிச்சம் பிடிக்கிற ஆசையில் கறுப்பைக் கூட்டினால் மணப்பெண் முகத்தில் கரி படிந்துவிடும். அடியில் வண்ணமே இல்லாவிட்டால் கருங்கூந்தலும் வெளுக்கும்.

இன்று இதை மென்பொருள் நொடியில் செய்துவிடுகிறது. செய்தித்தாளுக்கு மொத்த மை 240 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பளபளப்புத் தாளுக்கு 300க்கு மேலும் போகலாம். படங்களை நான்கு வண்ணமாகப் பிரிக்கும் முன், உங்கள் தாளுக்கு எவ்வளவு என்று அச்சகத்தில் கேட்டுவிடுங்கள்.