ராமகிருஷ்ணன், வெங்கட்ராமன் (வெங்கி)

வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் (பிறப்பு 1952) ரைபோசோமின் அமைப்பை அணு அளவில் கண்டறிந்த மூலக்கூற்று உயிரியலாளர். 2009ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இவருக்கும் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. பிறந்த ஊர் சிதம்பரம், அன்றைய தென்னாற்காடு மாவட்டம். 1993இல் தென்னாற்காடு பிரிக்கப்பட்டது.

பெற்றோர் இருவரும் அறிவியலாளர்கள். மூன்று வயதில் குடும்பத்துடன் பரோடாவுக்குப் போய்விட்டதால் இவருடைய படிப்பு அங்கேயே நடந்தது. 1971இல் இயற்பியலில் இளநிலைப் பட்டமும், 1976இல் அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் அதே துறையில் முனைவர் பட்டமும் பெற்றார். பட்டம் கையில் இருக்க, சான் டியாகோவில் உயிரியல் மாணவராக மறுபடி வகுப்பில் போய் உட்கார்ந்தார். இவருடைய வாழ்க்கையில் இதைவிடத் துணிச்சலான முடிவு வேறு இல்லை.

டி.என்.ஏ.வில் உள்ள மரபுச் செய்தி, தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு ரைபோசோமுக்கு வருகிறது. அங்கே மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கப்பட்டுப் புரதமாக உருப்பெறுகிறது. ஆக, மரபியலின் மையக் கேள்விகளில் ஒன்று இந்தத் துகளுக்குள்ளேயே அடங்கியிருந்தது. 1978இல் யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரிடம் சேர்ந்த ராமகிருஷ்ணன், நியூட்ரான் சிதறல் முறையில் ரைபோசோமின் சிறு பகுதியான 30எஸ்ஸில் எந்தப் புரதம் எங்கே இருக்கிறது என்று அளக்கும் பணியில் இறங்கினார். அதன்பின் ஏறக்குறைய 50 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியர் வேலை எதுவும் கிடைக்கவில்லை. ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் சிறிது காலம் இருந்துவிட்டு, 1983இல் புரூக்ஹேவன் ஆய்வகத்துக்கு வந்தார். படிகவியல் தெரியாமல் மேலே போக வழியில்லை என்று கண்டதும் 1991இல் விடுப்பெடுத்து, கேம்பிரிட்ஜின் மூலக்கூற்று உயிரியல் ஆய்வகத்தில் அதைக் கற்றார். எஸ்5 என்ற ஒரே ஒரு ரைபோசோம் புரதத்தின் அமைப்பு 1992இல் வெளிவந்தது. மேற்கோள் எண்ணிக்கையை வைத்து மட்டும் அந்த ஆண்டில் இவரை எடைபோட்டிருந்தால், வரவிருந்ததில் பத்தில் ஒரு பங்கும் தெரிந்திருக்காது.

1995இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 30எஸ் முழுவதையும் கையில் எடுத்தார். 1999இல் சம்பளம் குறைவு என்று தெரிந்தே கேம்பிரிட்ஜுக்குக் குடிபெயர்ந்தார். ஆய்வுக்குத் தேர்ந்த நுண்ணுயிர், வெந்நீர் ஊற்றில் வாழும் தெர்மஸ் தெர்மோஃபைலஸ். கடும் சூட்டிலும் குலையாத அதன் ரைபோசோம் நல்ல படிகம் தரும். 1999இல் 5.5 ஆங்ஸ்ட்ராம் அளவிலான மங்கலான படம் கிடைத்தது. 2000 செப்டம்பரில் 3 ஆங்ஸ்ட்ராம் அளவிலான தெளிவான அமைப்பு ‘நேச்சர்’ இதழில் வந்தது. அந்தக் கட்டுரை இன்றுவரை ஆயிரக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளது.

அடுத்த ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரையே ஆழமானது என்பேன். ரைபோசோம் சரியான எழுத்தை எப்படி அடையாளம் காண்கிறது? 30எஸ்ஸில் உள்ள 16எஸ் ஆர்.என்.ஏ.வில் 1492, 1493ஆம் இடங்களில் இரண்டு அடினின்கள் உள்ளே மடங்கிக் கிடக்கின்றன. தூது ஆர்.என்.ஏ.வின் மூன்றெழுத்தும் அதற்குரிய அமினோ அமிலத்தைக் கொண்டுவரும் கடத்து ஆர்.என்.ஏ.வும் ஜோடி சேர்ந்ததும் இரண்டும் வெளியே புரண்டு வந்து, அந்த ஜோடியின் பள்ளத்தை விரலால் தடவுவதுபோல் தொட்டுப் பார்க்கின்றன. வடிவம் பொருந்தினால் ரைபோசோம் இறுகி அடுத்த வேலைக்கு நகர்கிறது. பொருந்தாவிட்டால் வந்தது விலகிப் போகிறது. ஆயிரம் முதல் பத்தாயிரம் அமினோ அமிலங்களுக்கு ஒரு பிழை மட்டுமே நேர்வதற்கு இந்தத் தொடுகை முக்கியக் காரணம். மரபுக்குறியீட்டை அட்டவணையாக மனப்பாடம் செய்த தலைமுறைக்கு, அது படிக்கப்படும் கணமே கண்முன் வந்தது.

மருந்துகளும் அதே படங்களில் தெரிந்தன. காசநோய்க்கு நம் ஊர்களில் பல காலம் ஊசியாகப் போடப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் 30எஸ்ஸில் எங்கே ஒட்டுகிறது என்பதை இவருடைய குழு காட்டியது. டெட்ராசைக்ளின் ஒட்டும் இடத்தையும் காட்டியது. கல்வராயன் மலையடிவாரத்துச் சுகாதார நிலையத்தில் உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுக்கிறார்கள் என்றால், அது டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்து. கிருமியின் ரைபோசோமில் இதே பகுதியைத்தான் அடைக்கிறது.

கட்டுரை மேற்கோள்கள் இந்தத் தாக்கத்தின் ஒரு பங்கைத்தான் காட்டும். அணுக்களின் இடக்குறிப்புகளை இவருடைய குழு பொதுத் தரவுவங்கியில் வைத்தது. மருந்து தேடுவோரும் பாடநூல் எழுதுவோரும் அவற்றை எடுத்தாள்கிறார்கள். அந்தப் பயன்பாடு முழுவதும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. நோபல் பரிசை மூவருக்கு மேல் பகிர முடியாது என்ற விதியால் ரைபோசோம் ஆய்வின் முன்னோடி ஹாரி நோலர் விடுபட்டதும் இங்கே சொல்லப்பட வேண்டியது.

2010இல் பத்ம விபூஷண் பெற்றார். 2015 முதல் 2020 வரை லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்தார். ரைபோசோம் தேடலை ‘ஜீன் மெஷின்’ (2018) நூலில் தானே எழுதியிருக்கிறார். படிகம் வளர்ப்பதற்கென்றே ஆண்டுகளைச் செலவிட்ட இவருடைய ஆய்வகம், 2014 முதல் மைட்டோகாண்ட்ரியா ரைபோசோம்களைப் படிகமே இல்லாமல், உறைகுளிர் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து அவற்றின் அமைப்பை வெளியிட்டது.