கிளீவ்லாந்து மாநகரமும் அதன் மின்னிலையமும்

ஊருக்குப் பொதுவான உடைமையை ஊரவரே வைத்து ஆளுதல் நன்றா, தனியாரிடம் ஒப்படைத்தல் நன்றா என்னும் வினா மிகப் பழையது. தெருவிளக்கும் சந்தையும் விளையாட்டரங்கும் நகரங்களில் தோன்றிய நாள்தொட்டு அது மாநகரசபைகளைப் பின்தொடர்ந்து வந்துள்ளது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஒகாயோ மாநிலத்திலே, ஈரி ஏரிக்கரையில் அமைந்த கிளீவ்லாந்து மாநகரம் இவ்வினாவுக்கு விடை காணப் பெரும்பாடு பட்ட நகரங்களுள் ஒன்றாகும்.

1901ஆம் ஆண்டு அந்நகரின் மேயராகத் தெரிவானவர் ரொம் ஜோன்சன். தனியார் டிராம் வண்டித் தொழிலிற் பெருஞ்செல்வம் ஈட்டியவர் அவர். போட்டியின்றித் தனியுரிமை பெற்ற தொழில் எத்துணை ஆதாயம் தரும் என்பதை அவர் நன்கறிவார். மக்கள் யாவருக்கும் இன்றியமையாத சேவை அத்தகைய தனியுரிமையின் கீழ் இருத்தலாகாது என்பது அவர் கொண்ட முடிபு. மாநகரசபைக்கென மின்னிலையம் அமைக்க அவர் விரும்பியபோது எதிர்ப்புப் பலமாக இருந்தது. அவர் வேறொரு வழி கண்டார். 1905இல் தென் புரூக்ளின் என்னும் அயற்சிற்றூர் மாநகரத்துடன் இணைக்கப்பட்டது. அவ்வூருக்குச் சொந்தமாக இருந்த சிறு மின்னிலையமும் அதனுடன் மாநகரத்தின் உடைமையாயிற்று.

ஜோன்சன் 1911இல் மறைந்தார். அவ்வாண்டிலேயே புதிய மின்னிலையத்துக்காக இருபது இலட்சம் டொலர் கடன் பெறுவதற்கு வாக்காளர் இசைவளித்தனர். அவருடைய வழியைப் பின்பற்றிய நியூற்றன் பேக்கர் மேயராக இருந்தபோது, 1914இல், அந்நிலையம் இயங்கத் தொடங்கியது. ஓர் அலகு மின்சாரம் மூன்று சதத்துக்கு மேற்படாது என்பதே அதன் கொள்கை. தனியார் கம்பெனி அறவிட்டு வந்த கட்டணம் இதனினும் மிக உயர்ந்தது. மாநகர மின்னிலையம் நகரின் ஒரு பகுதிக்கே மின்சாரம் வழங்கிற்று. ஆயினும் அதன் பயன் அப்பகுதியோடு நின்றுவிடவில்லை. மின்சாரம் இன்ன விலைக்கு வழங்கப்படலாம் என்று காட்டும் அளவுகோலாக அது விளங்கியது. அளவுகோல் ஒன்று கண்முன் இருக்கையில் விற்பவன் தான் நினைத்த விலையைச் சொல்ல முடியாது.

நிற்க, ஓர் உடைமையைப் பெறுதல் வேறு, பேணுதல் வேறு. காலப்போக்கில் மின்னிலையத்தின் பொறிகள் பழுதுற்றன. புதுப்பித்தற்கு வேண்டிய பணம் உரிய வேளையில் ஒதுக்கப்படவில்லை. 1960களின் இறுதியில் மின்தடைகள் மலிந்தன. இருளில் இருந்த மக்கள் மாநகரசபையை நொந்துகொண்டனர். அண்டையிலிருந்த தனியார் கம்பெனியான கிளீவ்லாந்து எலெக்ரிக் இலுமினேற்றிங் கம்பெனியின் கம்பிகளோடு முறையான இணைப்பு இருந்திருப்பின் இடர் பெரிதும் குறைந்திருக்கும். அவ்விணைப்பு எளிதிற் கிடைக்கவில்லை. அக்கம்பெனி அணுமின் நிலையங்களுக்கு உரிமம் வேண்டியபோது இவ்விடயம் அணுசக்தி ஒழுங்காக்கல் ஆணைக்குழுவின் உரிமச் சபைமுன் வந்தது. கம்பெனி போட்டியை ஒடுக்கும் வகையில் நடந்துகொண்டது என 1977இல் அச்சபை முடிவு கூறியது. எனினும், நட்டஈடு கோரி மாநகரம் தொடுத்த வழக்கு 1981இல் தோற்றது என்பதையும் கூறவேண்டும்.

1977இல் மேயராயிருந்த ரால்ப் பேர்க் மின்னிலையத்தை அக்கம்பெனிக்கே விற்க உடன்பட்டிருந்தார். அவ்வாண்டு நவம்பரில் நடந்த தேர்தலில், விற்பனையைத் தடுப்பேன் என்று வாக்களித்த டெனிஸ் குசினிச் வெற்றி பெற்றார். அவருக்கு அப்போது வயது முப்பத்தொன்று. அவர் விற்பனையை நிறுத்தினார். ஆனால் மாநகரத்தின் கடன் சுமை பழையது. 1978 டிசம்பர் 15ஆம் நாள், உள்ளூர் வங்கிகளுக்குச் செலுத்தவேண்டிய ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது இலட்சம் டொலரை மாநகரம் செலுத்தத் தவறியது. மின்னிலையத்தை விற்றாற் கடன் தவணை நீடிக்கப்படும் என்னும் நெருக்குதல் இருந்ததாக மேயர் கூறினார். 1930களின் பெருமந்த காலத்துக்குப் பின் கடன் தவறிய முதலாவது பெரிய அமெரிக்க மாநகரம் கிளீவ்லாந்தே என்று நாடெங்கும் பேசப்பட்டது.

முடிவு மக்களிடம் விடப்பட்டது. 1979 பெப்ரவரி 27ஆம் நாள் வாக்கெடுப்பில் இரண்டு வினாக்கள் இருந்தன. வருமானத்தின் மீது நகரம் அறவிடும் வரியை நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரையாக உயர்த்தலாமா? மின்னிலையத்தை விற்கலாமா? மக்கள் வரியை ஏற்றனர், விற்பனையை மறுத்தனர். தம் கையிலிருந்து பணம் கொடுத்தே தம் உடைமையைக் காத்தனர். அவ்வாண்டு நவம்பரில் குசினிச் பதவி இழந்தார். மின்னிலையமோ நிலைத்து, 1983இல் 'கிளீவ்லாந்துப் பொதுமின்சக்தி' எனப் புதுப்பெயர் பெற்றது. 1998இல் மாநகரசபை குசினிச்சின் உறுதியைப் பாராட்டியது.

இதே நகரத்தில் மற்றுமொரு பொதுவுடைமையின் கதை வேறு வகையானது. 1931இல் ஏரிக்கரையிலே திறக்கப்பட்ட மாநகர விளையாட்டரங்கு, 1970களில் நெடுங்காலக் குத்தகைக்கு விடப்பட்டது. பிறவுண்ஸ் என்னும் காற்பந்தாட்டக் குழுவின் உரிமையாளர் ஆட் மொடெலின் நிறுவனமே குத்தகைக்காரர். பராமரிப்புச் சுமை நீங்கியதென மாநகரசபை ஆறுதலடைந்தது. அங்கு ஆடிவந்த பேஸ்போல் குழு 1994இல் புதிய அரங்குக்குப் பெயரவே, வருமானம் குன்றியது. 1995 நவம்பர் 6ஆம் நாள், குழுவைப் பால்ற்றிமோர் நகருக்குக் கொண்டுசெல்வதாக மொடெல் அறிவித்தார். மறுநாளே அரங்கைப் புதுப்பிக்கும் பொருட்டு வரியொன்றை நீடிக்க மக்கள் வாக்களித்தனர். காலம் கடந்துவிட்டது.

ஆயினும் குத்தகை 1998 வரை செல்லுபடியானது. அதைப் பற்றுக்கோடாகக் கொண்டு மாநகரம் நீதிமன்றம் சென்றது. 1996 பெப்ரவரியில் ஏற்பட்ட இணக்கத்தின்படி ஆட்டக்காரர் சென்றனர். குழுவின் பெயரும் நிறங்களும் வரலாறும் கிளீவ்லாந்துக்கே உரியவாயின. 1999இல் அதே இடத்தில் எழுந்த புதிய அரங்கில், அதே பெயருடன் ஒரு குழு மீண்டும் ஆடியது.

இவ்விரு வரலாறுகளும் ஒன்றையே உணர்த்துகின்றன. பொதுவுடைமை சபையின் கையில் இருப்பதனால் மட்டும் காக்கப்படுவதில்லை. பேணாதுவிட்ட மின்னிலையம் மக்களின் வசைக்கே ஆளாயிற்று. தனியாருக்குக் குத்தகைக்கு விட்டதும் சபையின் பொறுப்பு ஒழிந்துவிடுவதில்லை. உடன்படிக்கையின் வாசகமே இறுதியில் நகரத்தின் காவலாயிற்று. கணக்கை ஆண்டுதோறும் பார்த்தல், பொறியை உரிய காலத்திற் பழுதுபார்த்தல், குத்தகையின் ஒவ்வொரு நிபந்தனையையும் கையொப்பமிடுமுன் படித்தல் என்பன புகழ் தராத பணிகள். இவற்றைச் சபைகள் நெகிழவிட்டபோது, அதன் விலையைக் கிளீவ்லாந்து மக்கள் இருளாகவும் வரியாகவும் செலுத்தினர்.