கணக்கேடும் கலையேடும்

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு வழக்கு நடைபெறும். மகளுக்கு வரலாற்றிலும் இலக்கியத்திலும் நாட்டம். தந்தையோ, "கணக்கியல் படி அம்மா, அதுதான் சோறு போடும்" என்பார். தாய் இருவருக்கும் நடுவில் நிற்பார். இந்த வழக்கிற்கு இன்று பல்கலைக்கழகங்கள் சில ஒரு சமரசம் கூறுகின்றன. இரண்டையும் ஒருங்கே பயின்று இரட்டைப் பட்டம் பெறலாம் என்பதே அது. எடுத்துக்காட்டாக, ஆஸ்திரேலியாவில் வணிகவியலையும் கலையியலையும் தனித்தனியே பயின்றால் ஆறு ஆண்டுகள் செல்லும். இணைத்துப் பயின்றால் பெரும்பாலும் நான்கு ஆண்டுகளில் முடித்துவிடலாம்.

ஏற்பாடு புதியது. ஆனால், எண்ணையும் எழுத்தையும் ஒருவரே கற்கத்தான் வேண்டுமா, ஒன்றைக் கைவிட்டால் நேரும் இழப்பு என்ன என்னும் கேள்விகள் பழமையானவை. கணக்கியல் வளர்ந்த இத்தாலி நாட்டு நகரங்களில் ஐந்நூறு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இக்கேள்விகள் எழுந்தன. அந்த வரலாற்றை இன்று நாம் காண்போம்.

அதற்குமுன் நம் மொழியிலுள்ள ஒரு சொல்லை எண்ணிப் பார்ப்போம். கணக்கு என்றால் இன்று நமக்கு நினைவில் வருவது எண்ணும் தொகையும்தான். ஆனால் திருக்குறள் இடம்பெற்ற தொகுதிக்குப் பதினெண்கீழ்க்கணக்கு என்று பெயர். அங்கே கணக்கு என்பது நூலைக் குறிக்கிறது. பாடம் சொல்லித் தந்த ஆசிரியரை அக்காலத்தில் கணக்காயர் என்றனர். வரவு செலவு எழுதியவரையோ கணக்கர் என்றனர். இரண்டும் ஒட்டாத இரு வேறு உலகங்கள் என்றால், ஒரே சொல் இரண்டுக்கும் வழங்கியிருக்குமா?

இனி இத்தாலிக்கு வருவோம். 1338ஆம் ஆண்டை ஒட்டிய பிளாரன்ஸ் நகரைப் பற்றி ஜொவான்னி வில்லானி என்பவர் எழுதிவைத்துள்ளார். அவர் வரலாற்றாசிரியர்; வணிகரும்கூட. அந்நகரில் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பிள்ளைகள் எழுத்துப் படித்தனர் என்கிறார். அவர்களுள் ஆயிரம் முதல் ஆயிரத்து இருநூறு பேர் ஆறு கணக்குப் பள்ளிகளில் பயின்றனர். ஐந்நூற்றைம்பது முதல் அறுநூறு பேர் நான்கு பெரிய இலக்கணப் பள்ளிகளுக்குச் சென்றனர்.

கணக்குப் பள்ளியில் பாடம் தாய்மொழியில் நடந்தது. இந்தியாவில் தோன்றி அரபியர் வழியாக ஐரோப்பாவை அடைந்த எண்குறிகளைக் கொண்டு வட்டி, நாணய மாற்று, கூட்டு வணிகத்தில் பங்கு பிரித்தல் ஆகியவற்றைக் கற்பித்தனர். இலக்கணப் பள்ளியில் இலத்தீன் மொழியே பாடம். இலக்கணம், சொல்வன்மை, வரலாறு, கவிதை, அறநெறி ஆகிய ஐந்தும் சேர்ந்த மானிடக் கலைகளுக்கு அதுவே வாயில். ஒன்று கடைத்தெருவுக்குச் செல்லும் வழி; மற்றொன்று அரசவைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் செல்லும் வழி. இரண்டிலும் கால் வைத்தவர்களும் இருந்தனர். 1469இல் பிறந்த அரசியல் அறிஞர் மாக்கியவெல்லி ஏழாம் வயதில் இலத்தீன் தொடங்கினார். பத்தாம் வயதில் கணக்குப் பள்ளிக்கும் அனுப்பப்பட்டார்.

இந்நகரங்களில்தான் இரட்டைப் பதிவு முறை வளர்ந்தது. ஜெனோவா நகர ஆட்சியின் 1340ஆம் ஆண்டுக் கணக்கேடுகளில் அம்முறையை நாம் காணலாம். ஒருவர் நூறு பொன் கொடுத்துக் கம்பளி வாங்குகிறார். கம்பளிக் கணக்கில் நூறு பற்று எழுதுகிறார். ரொக்கக் கணக்கில் நூறு வரவு வைக்கிறார். ஒரே நிகழ்ச்சி இரண்டு இடங்களில் பதிவாகிறது. இறுதியில் பற்றுகளின் கூட்டுத்தொகையும் வரவுகளின் கூட்டுத்தொகையும் சமமாக வரவேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை உண்டு என்று பொருள். எளிய முறைதான், ஆனால் தொலைவிலுள்ள கிளைகளின் நிலையையும் முதலாளி தம் மேசையில் இருந்தபடியே அறிய அது வழிசெய்தது.

இம்முறையை விளக்கி நூல் எழுதிய முன்னோடிகளுள் ஒருவர் பெனெடெத்தோ கொத்ருலி. இன்று டுப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா நகரத்தவர். இளமையில் அவர் நாடியது மெய்யியல். அந்தப் படிப்பின் இனிமையில் இருந்த தம்மைப் பறித்து வந்து வணிகத்தில் அமர்த்திவிட்டனர் என்று அவரே வருந்தி எழுதியிருக்கிறார். நாம் தொடக்கத்தில் கண்ட மகளின் நிலைதான் அவருக்கும்!

ஆயினும் அவர் மனம் கசந்து ஒதுங்கிவிடவில்லை. நேப்பிள்ஸ் பகுதியில் வணிகராகவும் அரசுத் தூதராகவும் பணிபுரிந்துகொண்டே, 1458இல் வணிகக் கலையைப் பற்றி ஒரு நூல் எழுதி முடித்தார். இரட்டைப் பதிவுக்கு அதில் ஓர் இயல் உண்டு. ஆனால் நூல் அதோடு நிற்கவில்லை. வணிகனின் சமய வாழ்வு, நகர வாழ்வு, இல்வாழ்வு ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பகுதிகள் ஒதுக்கினார். வணிகன் பலதரப்பட்ட மக்களோடு பழகுபவன். ஆகவே நாவன்மையும் நூலறிவும் அவனுக்கு மிகத் தேவை என்பது அவர் கொள்கை. தம்மிடமிருந்து பறிக்கப்பட்ட கல்வியைத் தம் தொழிலுக்குள்ளேயே அவர் மீட்டுக்கொண்டார் என்று நாம் கூறலாம். அந்நூல் அச்சேறியது 1573இல்தான். ஆசிரியர் மறைந்து நூறாண்டுக்கு மேலாகியிருந்தது.

ஒன்றைக் கைவிட்டால் என்னவாகும் என்பதற்கு மெதிச்சி குடும்பத்தின் கதை சான்றாகும். 1397இல் பிளாரன்சில் தொடங்கிய மெதிச்சி வங்கி, கோசிமோவின் காலத்தில் உச்சநிலையை எட்டியது. 1389இல் பிறந்த கோசிமோ கணக்கில் வல்லவர். கிளைகளின் ஆண்டுக் கணக்குகள் தலைமையகத்துக்கு வந்து சேரவேண்டும். அங்கே அவை சரிபார்க்கப்படும். அதே கோசிமோதான் சான் மார்க்கோ மடத்தில் 1444இல் கற்றோர்க்கெல்லாம் நூலகம் திறக்கச் செய்தவர். பிளேட்டோவின் நூல்களை இலத்தீனில் பெயர்க்குமாறு பிச்சீனோ என்னும் அறிஞரை ஆதரித்தவரும் அவரே. இரு கல்வியும் ஒருவரிடம் இணைந்திருந்தன.

அவருடைய பேரன் லொரென்சோ 1469இல் இருபதாம் வயதில் பொறுப்பேற்றார். அவர் சிறந்த கவிஞர், கலைஞர்களின் புரவலர், அரசியல் நுட்பம் அறிந்தவர். ஆனால் வங்கிக் கணக்கில் அவருக்குப் பயிற்சி போதவில்லை. பொது மேலாளராயிருந்த சசெத்தியும் பழஞ்சுவடிகளை ஆர்வத்தோடு தொகுத்தவர். கிளைகளின் மீது அவர் வைத்த கண்காணிப்போ தளர்ந்தது. புரூஜ் நகரக் கிளை பர்கண்டிக் கோமகன் சார்லசுக்குப் பெருந்தொகையைக் கடனாகக் கொடுத்தது. அவர் 1477இல் போர்க்களத்தில் மாண்டார். இலண்டன் கிளையும் இங்கிலாந்து மன்னருக்குக் கொடுத்த கடனால் நலிந்தது. இரு கிளைகளும் கைவிட்டுப் போயின. வாணிகச் சரிவும் அரசியல் பகையும் இவற்றோடு சேர்ந்தன. 1494 நவம்பரில் மெதிச்சி குடும்பம் நகரைவிட்டே துரத்தப்பட்டது. வங்கியும் முடிந்தது.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். கிளைகளின் ஏட்டை உரிய காலத்தில் படித்துப் பார்த்திருந்தால், கடன் எவ்வளவு ஏறிவிட்டது என்பது தெரிந்திருக்கும். ஆனால், போர்வெறி கொண்ட ஒரு கோமகனை நம்பிக் கடன் கொடுக்கலாமா என்பதை எந்தப் பேரேடும் சொல்லாது. மனிதர்களையும் அரசுகளையும் எடைபோடும் அறிவு அதற்கு வேண்டும். எண் ஒரு பாதியைக் காட்டும். எழுத்து மறுபாதியைக் காட்டும்.

அதே 1494 நவம்பரில், வெனிஸ் நகரில் ஒரு பெருநூல் அச்சாகி வெளிவந்தது. எழுதியவர் லூக்கா பாச்சியோலி. பிரான்சிஸ்கன் சபைத் துறவி. ஏறத்தாழ அறுநூறு பக்கங்கள் கொண்ட அக்கணித நூலில் இருபத்தேழு பக்கங்களே கணக்குப் பதிவைப் பற்றியவை. இரட்டைப் பதிவை அவர் கண்டுபிடிக்கவில்லை. வெனிஸ் வணிகர்களின் வழக்கத்தை ஒழுங்குபடுத்தி, அனைவரும் கற்குமாறு தாய்மொழியில் விளக்கினார். அவ்விருபத்தேழு பக்கங்களே கணக்கியல் உலகில் அவருக்கு நிலைத்த புகழைத் தந்தன. பின்னர் மிலான் நகரில் ஓவியர் லியனார்டோ டாவின்சிக்கு நண்பரானார். விகிதத்தின் அழகைப் பற்றிப் பாச்சியோலி எழுதி 1509இல் அச்சான நூலுக்குப் படங்கள் வரைந்து தந்தவர் லியனார்டோவே.

இத்தாலியை விட்டு நம் நாடுகளுக்குத் திரும்புவோம். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும் முன்பு செட்டியார் கிட்டங்கிகள் இருந்தன. பெட்டியடியில் அமர்ந்து பேரேடும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய சமூகம் அது. அதே வட்டித்தொழில் சமூகத்தில் பிறந்த அண்ணாமலைச் செட்டியார்தான் 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாகக் காரணமானார். தமிழிசைக்கும் பெருந்துணையாக நின்றார். பேரேட்டில் சேர்ந்த பொருள் தமிழ் ஏட்டுக்கும் பயன்பட்டது.

அவ்வளவு பெரிய இடத்துக்குப் போவானேன்? நம் வட்டாரத்து மளிகைக்கடைகளில் 555 என்று எண் அச்சிட்ட சிறு கடன் புத்தகத்தைப் பலரும் கண்டிருப்போம். யார் எவ்வளவு பாக்கி என்பதை அப்புத்தகம் சொல்லும். நோயாளிக் கணவரோடு வரும் ஓர் அம்மாவுக்கு இன்னும் ஒரு மாதம் தவணை தரலாமா என்பதை அது சொல்லாது. கடைக்காரர் தலைநிமிர்ந்து அந்த அம்மாவின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மாணவ நேயர்களே, இரட்டைப் படிப்பு இலேசான சுமை அன்று. ஒரு துறையில் இருப்புநிலைக் குறிப்பும் மறு துறையில் நீண்ட கட்டுரையும் ஒரே வாரத்தில் முடிக்க நேரிடும். இரண்டு சான்றிதழ்களைச் சுவரில் மாட்டும் ஆசை ஒன்றே காரணமானால் அதில் இறங்க வேண்டா. எல்லாரும் இரு பட்டம் பெற்றாக வேண்டும் என்றும் நாம் கூறவில்லை. ஆனால், கணக்கியலைத் தேர்ந்தவர் வரலாற்று நூலை மூடிவிட வேண்டியதில்லை. கலையியலைத் தேர்ந்தவர் ஐந்தொகையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

தந்தைமார்க்கும் ஒரு சொல். சோறு போடும் படிப்பு எது என்று நீங்கள் கேட்பது அன்பினால்தான். கொத்ருலியின் வீட்டாரும் அன்பினால்தான் அப்படிச் செய்திருப்பர். ஆயினும் பறிகொடுத்த படிப்பை அவர் கடைசிவரை மறக்கவில்லை. உங்கள் மகள் இரண்டையும் கேட்டால், அவளைச் சற்று உட்காரவைத்துப் பேசிப் பாருங்கள்.