முதல் வெள்ளியும் மதியச் சோறும்: அருணாசல வட்டாரக் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளின் மாத வாழ்வு

அருணாசலத்தையும் கத்தோலிக்கத்தையும் சேர்த்துப் பேசும் ஆய்வுகள் பெரும்பாலும் ஒருவரிடமே போய் நிற்கின்றன. பிரான்ஸிலிருந்து வந்த பெனடிக்ட் சபைத் துறவி ஹென்றி லெ சோ, 1949 ஜனவரியில் அருட்தந்தை மோன்ஷானெனுடன், அருணாசல மலையடியில் வாழ்ந்த ரமண மகரிஷியைக் காணத் திருவண்ணாமலைக்கு வந்தார். அடுத்த ஆண்டே இருவரும் குளித்தலைக்கு அருகில் சாந்திவனத்தைத் தொடங்கினார்கள். 1952 முதல் லெ சோ அருணாசலத்தின் குகைகளில் தங்கித் தவம் செய்து, சுவாமி அபிஷிக்தானந்தராக உலகம் அறியும் ஆளானார். அவரைப் பற்றி எழுதப்பட்டதற்குக் குறைவில்லை. ஆனால் அவர் குகையில் இருந்த அதே ஆண்டுகளில், மலையைச் சுற்றிய தாலுகாக்களில் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எப்படி ஜெபித்தார்கள், எப்போது கூடினார்கள், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதைத் தேடிப் போனவர்கள் மிகக் குறைவு. இக்கட்டுரை அந்தப் பக்கம் போகிறது.

மிஷன் பள்ளிக்கும் இந்த ஊருக்கும் ஒரு பழைய முடிச்சு உண்டு. பின்னாளில் ரமணரான வேங்கடராமன், மதுரை அமெரிக்கன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, அண்ணனின் கட்டணத்துக்கென்று கொடுக்கப்பட்ட ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டுக் கிளம்பி, 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அது புராட்டஸ்டண்டுப் பள்ளி. நம் கதைக்கு வெளியே நிற்பது. ஆனால் அந்த ஆண்டில் இங்கே கத்தோலிக்க மிஷன் என்ன நிலையில் இருந்தது என்பது நம் கேள்விதான். திருவண்ணாமலைத் தாலுகா அப்போது தென்னார்க்காட்டைச் சேர்ந்தது. 1911-இல்தான் வடஆர்க்காட்டுக்கு மாற்றப்பட்டது. இரண்டு ஆர்க்காடுகளுக்கும் திருச்சபை வகையில் அன்று தலைமையிடம் புதுச்சேரி.

சேசு சபை 1773-இல் கலைக்கப்பட்டபின், 1776-இல் புதுச்சேரி மிஷன் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் கைக்கு வந்தது. பள்ளி என்ற எண்ணம் அதன் நடுவில் வந்து உட்கார்ந்த ஆண்டு 1844. ஆயர் பொன்னான் அந்த ஆண்டு கூட்டிய சங்கத்தில் சுதேச குருக்களை உருவாக்குவதும் பள்ளிகளைப் பெருக்குவதும் முக்கியப் பேச்சாக இருந்தன. அதே ஆண்டில் தந்தை துய்ப்புய், தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையைப் புதுச்சேரியில் தொடங்கினார். மாதாவின் மாசற்ற இருதயத்தின் பெயர் தாங்கிய அந்தச் சபையின் வேலை, பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் ஞான உபதேசமும் கற்றுக்கொடுப்பது. பெண் படிக்கப் போவது மேல்சாதி வீடுகளிலேயே இகழ்ச்சியாக இருந்த காலம் அது.

அதற்கு முந்தைய ஆண்டில் பிரான்ஸில் நடந்த ஒரு காரியத்தை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். நான்சி நகர ஆயர் ஃபோர்பென்-ழான்சோன் 1843-இல் திருப்பாலத்துவ சபையைத் தொடங்கினார். அதன் விதி மிக எளியது: ஒவ்வொரு பிள்ளையும் நாளுக்கு ஒரு சிறு ஜெபம் சொல்ல வேண்டும், மாதத்துக்கு ஒரு சிறு காசு கொடுக்க வேண்டும். ஐந்து சாந்தீம் பெறுமான அந்தக் காசுகள் சேர்ந்து ஆசிய நாடுகளின் அனாதைப் பிள்ளைகளுக்கும் மிஷன் பள்ளிகளுக்கும் போயின. பின்னாளில் இதே சபையில் தமிழ்ப் பிள்ளைகளும் உறுப்பினராகி, தாங்களும் மாதக் காசு போட்டார்கள். கத்தோலிக்கப் பள்ளி வாழ்க்கையில் ‘மாதம்’ ஓர் அளவுகோலாக நுழைந்தது பக்தி வழியாக மட்டுமல்ல. கணக்குப் புத்தகத்தின் வழியாகவும்தான்.

இந்த வட்டாரத்தில் மிஷன் வேர்விட்டதற்குக் காரணம் தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை மழை பொய்த்து, வடஆர்க்காட்டின் கிராமங்கள் சாவின் விளிம்புக்குப் போயின. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் சேத்துப்பட்டை மையமாகக் கொண்டு உழைத்த தந்தை தாராஸ், அந்தக் காலத்திலும் அதன் பின்னும் ஆயிரக்கணக்கானோரைத் திருச்சபையில் சேர்த்தார். வந்தவர்களில் பெரும்பாலோர் சேரி மக்கள். அவர்கள் கஞ்சிக்காக வந்தவர்கள் என்று அன்றே ஏளனம் பேசப்பட்டது. பசியில் இருப்பவன் தனக்குச் சோறு போட்டவனை நம்புவதில் என்ன குற்றம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. தாராஸ் 1916-இல் இறந்தார். சேத்துப்பட்டின் பெரிய லூர்து மாதா கோயில் அவருடைய உழைப்பின் சின்னமாக நிற்கிறது.

சேர்ந்தவர்களுக்குப் பாடம் சொல்ல ஆள் வேண்டுமே. குருவானவர் ஒருவர், ஊர்களோ பல. ஆகவே உபதேசியாரே வாத்தியார் ஆனார். பகலில் அரிச்சுவடியும் வாய்ப்பாடும், மாலையில் மந்திரங்களும் ஞான உபதேசக் கேள்வி பதிலும். ஞாயிற்றுக்கிழமை சாமியார் வராத ஊரில் ஜெபம் நடத்துவதும் அவரே. குருவானவர் குதிரையிலோ மாட்டு வண்டியிலோ ஊர் ஊராகச் சுற்றிவரும்போதுதான் பூசை, பாவசங்கீர்த்தனம் எல்லாம். இந்தக் கட்டத்தில் பள்ளிக்கென்று தனியான இறைவாழ்வு எதுவும் இல்லை. சாமியாரின் சுற்றுப்பயணமே ஊரின் நாட்காட்டி.

முதல் வெள்ளி நுழைந்த கதை

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையில் சேசுவின் திருஇருதயத்துக்கு வணக்கம் செலுத்தி நற்கருணை வாங்கும் வழக்கம், 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் மார்கரீத் மரியாள் அலக்கோக் என்ற கன்னியரின் காட்சிகளிலிருந்து கிளம்பியது. திருஇருதயத் திருநாள் 1856-இல் உலகத் திருச்சபை முழுவதற்கும் உரியதானது. ஆனாலும் இது நெடுங்காலம் பெரியவர்களின் பக்தியாகவே இருந்தது. காரணம், பிள்ளைகள் பன்னிரண்டு வயதை ஒட்டியே புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கினார்கள். தொடக்கப் பள்ளியை முடிக்கும் வயதில், அல்லது முடித்தபின்.

1910 ஆகஸ்டில் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட ஆணை இதைத் தலைகீழாக்கியது. புத்தி தெளியும் வயதில், ஏறக்குறைய ஏழு வயதில், புதுநன்மை கொடுக்கலாம் என்றார் அவர். ஏழு வயது என்றால் இரண்டாம் வகுப்பு. உலகெங்கும் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியின் பொருள் அன்றோடு மாறிவிட்டது என்பேன். அதுவரை மந்திரம் மனப்பாடம் செய்யும் இடமாக இருந்தது, இனி ஒரு திருவருட்சாதனத்துக்குப் பிள்ளையைத் தயாரிக்கும் இடமானது. புதுநன்மை வாங்கிய பிள்ளை மாதம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். ஆகவே முதல் வியாழன் மாலையில் வகுப்பு வகுப்பாக வரிசை, முதல் வெள்ளி விடியலில் பூசை.

அந்த விடியலைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நற்கருணை வாங்குபவர் நள்ளிரவு முதல் எதையும் உண்ணக்கூடாது என்பது சட்டம். தண்ணீருக்குக்கூட 1953 வரை விலக்கில்லை. பூசை லத்தீனில். பீடத்துக்கு முகமும் மக்களுக்கு முதுகுமாகக் குருவானவர் முணுமுணுக்க, பிள்ளைகள் தமிழில் ஜெபமாலை சொல்லிக்கொண்டோ பாட்டுப் பாடிக்கொண்டோ இருப்பார்கள். முந்தின இரவின் கூழே வயிற்றில் இருக்கும் ஏழெட்டு வயதுப் பிள்ளை மயங்கி விழுந்தால் வியப்பதற்கில்லை. உண்ணாநோன்பு 1957-இல் மூன்று மணி நேரமாகவும் 1964-இல் ஒரு மணி நேரமாகவும் குறைக்கப்பட்டபின்தான், பள்ளிப் பூசையை விடியலிலிருந்து பள்ளி வேளைக்கே நகர்த்த முடிந்தது. இறையியல் நூல்கள் அதிகம் கவனிக்காத இந்த வயிற்றுக் கணக்கு, பள்ளியின் கால அட்டவணையை எந்தச் சுற்றறிக்கையையும்விட அதிகமாக மாற்றியது.

இதற்கிடையில் நிர்வாகமும் கை மாறியிருந்தது. 1928-இல் சென்னை மறைமாவட்டம் சலேசிய சபையிடம் கொடுக்கப்பட்டது, வடஆர்க்காடும் அதனோடு சேர்ந்தது. 1952 நவம்பரில் வேலூர் தனி மறைமாவட்டமானது. சலேசியர்கள் தங்கள் நிறுவனர் தொன் போஸ்கோவின் முறையைக் கொண்டுவந்தார்கள். பிரம்பைவிட விளையாட்டுத் திடலை நம்பிய முறை அது. மாதந்தோறும் 24-ஆம் நாள் சகாய மாதாவின் நினைவு. மாதம் ஒருமுறை நல்மரணப் பயிற்சி. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கி, இதுவே என் கடைசி நாளானால் எப்படி என்று பிள்ளை தன்னைச் சோதித்துப் பார்ப்பது. பின் நல்ல சாப்பாடு, விளையாட்டு. தொன் போஸ்கோவின் மாணவர் சாவியோ தோமினிக் 1954-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். பதினைந்து வயதை எட்டுமுன் இறந்த ஒரு பையன் பீடம் ஏறியது, இந்தப் பள்ளிகளுக்குப் பெரியவர்களின் முன்மாதிரிக்குப் பதில் ஒரு சக மாணவனின் முன்மாதிரியைத் தந்தது.

ரோமின் மாதங்களும் நம் பள்ளி ஆண்டும்

கத்தோலிக்க பக்தியில் மாதங்களுக்குப் பங்கு உண்டு: மார்ச் சூசையப்பருக்கு, மே மாதாவுக்கு, ஜூன் திருஇருதயத்துக்கு, அக்டோபர் ஜெபமாலைக்கு, நவம்பர் இறந்தோருக்கு. இது ஐரோப்பியத் தட்பவெப்பத்தில் பூத்தது. அங்கே மே என்றால் வசந்தமும் பூக்களும். இங்கே அக்கினி நட்சத்திரமும் கோடை விடுமுறையும். பள்ளி பூட்டிக் கிடக்கும் மாதத்தில் பள்ளியில் மாதா வணக்கம் எப்படி நடக்கும்? ஆகவே மே வணக்கம் வீடுகளுக்கும் பங்குக் கோயிலுக்கும் போனது. விடுமுறை விவிலிய வகுப்புகளும் அங்கேயே நிலைத்தன. பள்ளிக்குள் மரியாயின் மாதமாக வளர்ந்தது அக்டோபர்தான். 1883-இல் பதின்மூன்றாம் சிங்கராயர் அந்த மாதத்தை ஜெபமாலைக்கு ஒதுக்கியிருந்தார். ஜூன் நமக்குப் புது வகுப்பும் புதுப் புத்தகமும் வரும் மாதம். திருஇருதயப் படத்தின் முன் பள்ளி ஆண்டைத் தொடங்கும் வழக்கத்துக்கு அது தோதாக அமைந்தது. ஆகஸ்ட் 15-இல் மாதாவின் விண்ணேற்புத் திருநாளும் சுதந்திர தினமும் ஒன்றாக வந்தன. 1947-க்குப் பின் அந்த நாளில் கோயிலும் கொடிமரமும் இரண்டுமே பிள்ளைகளைக் கூப்பிட்டன. பிப்ரவரி 11 லூர்து மாதா திருநாள். சேத்துப்பட்டு வட்டாரத்துக்கு அது ஊர்த் திருவிழா.

திருவண்ணாமலை நகருக்கு வந்தால் இதற்கும் மேல் இன்னொரு மாதக் கணக்கு உண்டு. ரமணாசிரமம் இருக்கும் செங்கம் சாலையே கிரிவலப் பாதை. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் சுற்றி வரும் கூட்டத்துக்கு ஊரே வழி விடுகிறது; பேருந்துகள் ஊருக்கு வெளியே நிற்கின்றன. கார்த்திகை தீபத்துக்கு மாவட்ட நிர்வாகம் உள்ளூர் விடுமுறை விடுகிறது, அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாள் ஆகிறது. கத்தோலிக்கப் பள்ளியும் இதற்கு விலக்கல்ல. முதல் வெள்ளி சூரிய நாட்காட்டியில் ஓடும், பௌர்ணமி சந்திரனோடு ஓடும். இந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளை இரண்டையும் ஒரே காலண்டரில் பார்த்து வளர்கிறது.

வகுப்பறை யாருடையது

1854-இன் வுட் அறிக்கை மானிய முறையைக் கொண்டுவந்தபோதே அரசு மத நடுநிலை பேசியது. அரசுப் பணம் வாங்கும் பள்ளி, ஆய்வாளர் கேட்கும் பாடத்தை முதலில் நடத்தியாக வேண்டும். ஞான உபதேசம் மெல்ல மெல்லக் காலை மணிக்கு முன்னோ மாலை மணிக்குப் பின்னோ தள்ளப்பட்டது. 1950-இல் அரசியலமைப்பு இதை இரண்டு பக்கமும் உறுதியாக்கியது. பிரிவு 30 சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமையைத் தந்தது. பிரிவு 28, பெற்றோரின் ஒப்புதலின்றி எந்தப் பிள்ளையையும் சமயப் போதனையில் உட்கார வைக்கக் கூடாது என்றது. அதே 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரான தலித்துகளைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. தாது வருஷத்தில் சேர்ந்தவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு, திருமுழுக்கு ஏட்டில் ஒரு பெயரும் பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயருமாக வாழ நேர்ந்தது இதனால்தான். ஒரு குடும்பத்தின் விசுவாசத்தைச் சாதிச் சான்றிதழோடு மோத விட்ட ஆணை அது.

இன்னொரு மாற்றம் எண்ணிக்கையில் நடந்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் கிறிஸ்தவர் 6.12 விழுக்காடு, திருவண்ணாமலை மாவட்டத்தில் அதில் பாதிகூட இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் கத்தோலிக்கப் பள்ளியின் பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லாதவர்களாகவே இருப்பார்கள். ஆகவே ஒரே மணியில் இரண்டு வகுப்பு: கத்தோலிக்கருக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் வழிபாடு தமிழுக்கு வந்தது. தென்னார்க்காட்டுக் கள்ளேரியில் பிறந்த தந்தை அமலோற்பவதாஸ் மறைக்கல்வியைக் கேள்வி பதில் மனப்பாடத்திலிருந்து விவிலியத்துக்கும் வாழ்க்கைக்கும் திருப்பினார். குத்துவிளக்கும் ஆரத்தியும் திருப்பலிக்குள் வந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. காலை வணக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு குறள், ஒரு நற்செய்தி வாசகம், உறுதிமொழி என்று அடுக்கும் இன்றைய வழக்கம் இந்தத் திருப்பத்தின் பிள்ளை.

ஆனால் இந்தப் பள்ளிகளின் கூட்டுவாழ்வை ஆழமாக மாற்றியது எது என்று கேட்டால், முதல் வெள்ளியைவிட மதியச் சோற்றையே சொல்வேன். புதுச்சேரி மிஷனில் சாதி வாரியாகக் கோயிலுக்குள் இடம் பிரித்திருந்தது ஊரறிந்த வரலாறு. நற்கருணைப் பந்தியால்கூட அதை எளிதில் உடைக்க முடியவில்லை. 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவும் 1982-இல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்து, எல்லாப் பிள்ளைகளையும் தட்டோடு ஒரே வரிசையில் உட்கார வைத்தன. திருச்சபை போதித்ததை அரசின் அண்டா செய்து காட்டியது என்று சொன்னால் சில குருக்களுக்குக் கசக்கலாம். மாதத்தில் ஒரு நாள் பீடத்தின் முன் கூடியவர்கள், வேலை நாள்தோறும் சாப்பாட்டில் கூடினார்கள்.

இந்தப் போக்கு இன்னும் நிற்கவில்லை. 2024 ஜூலை 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிவானபோது, அது தொடங்கிவைக்கப்பட்ட இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியின் புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. 2025 ஆகஸ்ட் 26-இல் நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிவானபோது மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளி. ஒரு காலத்தில் பட்டினியோடு பூசைக்கு வந்த பிள்ளைகளின் வாரிசுகள், இப்போது பள்ளிக்கு வந்ததும் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிட்டுத்தான் காலை வணக்கத்துக்கு நிற்கிறார்கள்.

இந்த வரலாற்றின் மூல ஆவணங்கள் பங்குக் கோயில் அலமாரிகளிலும் பள்ளி பீரோக்களிலும்தான் இருக்க வேண்டும்: ஆய்வாளர் குறிப்பேடு, சேர்க்கைப் பதிவேடு, புதுநன்மை ஏடு, திருப்பாலத்துவ சபையின் மாதக் கணக்கு. தலைமையாசிரியர்களும் பங்குத் தந்தையரும் பழைய தாள்களைக் கழித்துக் கட்டுமுன், அவற்றை ஒரு முறை படம் பிடித்து மறைமாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பி வைக்க வேண்டும்.