நுரைச்சோலை அனல்மின் நிலையம்

இலங்கையின் ஒரே நிலக்கரி மின்நிலையம். அதிகாரப்பூர்வப் பெயர் லக்விஜய. புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் உள்ளது. இலங்கை மின்சார சபைக்காகச் சீன எக்சிம் வங்கியின் கடனுதவியுடன் கட்டப்பட்டது. முதல் அலகு 2011இலும் மற்ற இரண்டும் 2014இலும் இயங்கத் தொடங்கின. அலகுக்கு 300 மெகாவாட் வீதம் மொத்தத் திறன் 900 மெகாவாட்.

நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருந்த நாடு 1996 வறட்சியில் நீண்ட மின்வெட்டுகளைக் கண்டது. மழை பொய்த்தாலும் இரவு பகலாக ஓடும் அடித்தள மின்சாரம் தேவைப்பட்டது. அதை டீசலைவிட மலிவாகத் தந்தது நுரைச்சோலை. நாட்டின் மின்னுற்பத்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இங்கிருந்தே வருகிறது.

நிலக்கரி முழுவதும் இறக்குமதி. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, தெப்பப் படகுகள் கரிச்சுமையைக் கரை சேர்க்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இது நடவாது; அதற்கு முன்பே அந்த மாதங்களுக்கான கரியைக் களத்தில் குவித்தாக வேண்டும். காற்றில் பறக்கும் கரித்தூளும் சாம்பலும் சுற்றுப்புற விவசாயிகளின் நீண்டகால முறைப்பாடு.

ஒரே இடத்தில் இவ்வளவு திறனைக் குவித்ததன் விலையும் பெரிது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்றால் ஏற்பட்ட கோளாறு தீவு முழுவதையும் இருட்டாக்கியது. மின்சாரம் அன்றே திரும்பியது. ஆனால் நுரைச்சோலையின் மூன்று அலகுகளும் நின்றுபோயிருந்ததால், அடுத்த நாட்களிலும் சுழற்சி முறையில் மின்வெட்டு தொடர்ந்தது.